சட்டை தந்தார்கள், திடல் தருவார்களா?

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் மொழி. நன்றியுணர்ச்சி மிக்க ஒரு சமுதாயம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட நல்ல மொழிதான். ஆனால், மாட்டைத் தந்தவர் அதன் கயிற்றின் மறுமுனையை நம் வீட்டுக் காணி உறுதியிலே முடிந்துவிட்டுப் போவாரானால், பல்லை மட்டுமன்று, கொம்பையும் குளம்பையும் கயிற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியவர்களாகின்றோம். அக்கரப்பத்தனைப் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தின் இளைஞர் கழகத்திற்கு அண்மையிலே வந்து சேர்ந்த உதைபந்தாட்டச் சீருடைகளைப் பற்றியே இங்குக் கூறுகின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அத்தோட்டத்திலே நடைபெற்ற சுற்றுப்போட்டியின் அரையிறுதி, இறுதி ஆட்டங்களைக் காண நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். முன்னிரவு பெய்த மழை திடலின் கீழ்மூலையிலே குளமாகத் தேங்கி நின்றது. லயத்துப் பெண்கள் குடையும் கம்பளியுமாக மேட்டிலே நின்றார்கள். முதலாவது ஆட்டம் முடிந்ததும் ஓர் இளைஞன் கரையோரம் வந்து அமர்ந்து, சேறு வழிந்த தன் சப்பாத்துகளைக் கழற்றி, அடுத்த ஆட்டத்திற்கு இறங்க நின்ற வேறோர் அணி இளைஞனிடம் நீட்டினான். “இவனோடுதானே தம்பி, நீ இறுதியாட்டத்தில் மோத வேண்டிவரும்?” என்று கேட்டோம். “ஆமாங்க ஐயா. ஆனா அவனுக்கும் என் அளவுதாங்க” என்றான். அந்த ஒரு மறுமொழியிலே மலையகத்து உதைபந்தாட்டத்தின் பெருமையும் அடங்கியிருந்தது. அதன் வறுமையும் அடங்கியிருந்தது.

மாலையிலே பரிசளிப்பு. கொழும்பிலே விளையாட்டுடை தைத்து விற்கும் ஒரு நிறுவனத்தார் வந்தனர். தோட்ட நிருவாகத்தின் துணையோடு இரண்டு அணிகளுக்கும் புத்தம் புதிய சட்டைகளை வழங்கினர். மார்பை மறைத்து நின்றது நிறுவனத்தின் பெயர். கையிலே தோட்டக் கம்பனியின் சின்னம். கழகத்தின் பெயரோ, முதுகின் அடிப்புறத்தில், தேடுவோர் கண்ணுக்கு மட்டும் தென்படும் அளவிலே இருந்தது. பந்து ஒன்றேனும் இல்லை. சப்பாத்து ஒரு சோடியேனும் இல்லை. நிழற்படம் மட்டும் வேண்டிய மட்டும் எடுத்தார்கள். இரவல் சப்பாத்திலே ஆடியவன் முன்வரிசையில் நிறுத்தப்பட்டான். படமெடுப்பவர் அவன் கால்கள் தெரியாதபடி இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்துக்கொண்டார்.

கையொப்பமிட்ட கடிதம்

அடுத்த வாரம் கழகத் தலைவன் ஒரு கடிதத்தின் பிரதியோடு நம்மிடம் வந்தான். அவனுக்கு வயது 17. இரண்டு பக்கம், முற்றும் ஆங்கிலம். “கையெழுத்துப் போட்டாத்தான் சட்டைன்னு சொன்னாங்க, போட்டுட்டேன்” என்றான். சட்டம் பயின்ற நாம் அதை இருமுறை படித்தோம். இரண்டு பருவங்களுக்கு வேறெந்த நிறுவனத்தின் சீருடையையும் கழகம் அணியலாகாது என்றது ஒரு வாசகம். வீரர்களின் நிழற்படங்களை எவ்விடத்திலும், எக்காலத்திலும், எவ்விதக் கட்டணமுமின்றி நிறுவனம் தன் விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாம் என்றது மற்றொன்று. மூன்றாவது வாசகம் இரண்டாம் பக்கத்தின் அடியிலே, சட்டையை எவ்வாறு துவைக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு அடுத்ததாக, மிக அடக்கமாக அமர்ந்திருந்தது. திடலைக் கழகம் தோட்ட நிருவாகத்தின் அனுமதியின் பேரிலேயே பயன்படுத்திவருகின்றது என்பதையும், அவ்வனுமதி எப்பொழுது மீளப்பெறப்படினும் மறுப்பின்றி விலகிக்கொள்ளும் என்பதையும் கழகம் ஒப்புக்கொள்கின்றது என்பதே அது.

இரண்டு மாதம் கழியவில்லை. திடலின் மேற்பாதியிலே முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். தேயிலைத் தவறணை போடப் போகிறார்களாம். இளைஞர் ஓடிச்சென்று காரியாலயத்திலே கேட்டபோது, “கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே! உங்களுக்குத்தான் ஜேர்சி கொடுத்தாயிற்றே!” என்ற மறுமொழி கிடைத்தது. முப்பத்திரண்டு சட்டைகளுக்கு ஒரு திடல்! இதைவிட மலிவான காணி விற்பனையை நம் தொழில்வாழ்க்கையிலே நாம் கண்டதில்லை.

உரிமையோடு ஓரிடத்தைப் பயன்படுத்துவது வேறு. ஒருவர் அனுமதிக்கப் பயன்படுத்துவது வேறு. முன்னையதைப் பறிக்க வழக்குத் தொடுக்க வேண்டும். பின்னையதைப் பறிக்க ஒரு தபால் போதும். பாட்டன் காலந்தொட்டு மண்வெட்டி பிடித்துச் சமன் செய்து, பக்கத்திலே வடிகால் வெட்டி, மூங்கிலால் கோல் நாட்டி ஆடிவந்த ஒரு திடலை, ஒரு சட்டைக்காக ‘அனுமதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

துண்டுக் கடதாசியின் புதிய பிறவி

இதனை ஒரு சிறு சம்பவம் என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. மலையகத்துத் தமிழனின் வரலாறே அவனுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட கடதாசிகளின் வரலாறு. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்துத் துரை எழுதித் தரும் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டத்திற்குப் போக முடியாதிருந்த காலம் ஒன்றிருந்தது. அத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, பிறப்புப் பத்திரம் எங்கே, தந்தையின் பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். கடதாசி இல்லாதவன் நாடற்றவனானான். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி உடன்படிக்கை, கடதாசியின் ஒருபுறத்திலே இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கும், மறுபுறத்திலே மற்றொரு பகுதியினரை இலங்கைக்கும் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முற்றாகத் தீர்க்கப்படவில்லை. கடதாசியால் இத்துணை அடிபட்ட ஒரு மக்களின் பிள்ளையிடம், படித்துக் காட்டாத கடதாசி ஒன்றை நீட்டிக் கையொப்பம் வாங்குவது வணிகமுமன்று, தருமமுமன்று. அது பழைய வழக்கத்தின் புதிய பிறவி.

“நல்லெண்ணத்தோடு நாலு சட்டை கொடுத்தவர்களை இப்படியா தாக்குவது? இனி எவர் உதவ வருவார்?” என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்களிற் சிலர் நம் மதிப்பிற்குரியவர்கள். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது: நிறுவனத்தார் தம் பெயரை நம் இளைஞரின் மார்பிலே எழுதி ஊரூராய்க் காட்டச் செய்தார்களெனின், அது உதவியன்று, விளம்பரம். விளம்பரம் குற்றமுமன்று. அது ஒரு வணிகம். வணிகமென்றால் இருபுறமும் பேரம் உண்டு, விலை உண்டு, எழுத்து உண்டு. வணிகத்தைத் தானம் என்று பெயரிட்டு நடத்துவதே குற்றம். ஏனெனில், தானம் பெற்றவன் வாய் திறக்கலாகாது. விலை பேசியவன் திறக்கலாம்.

உலகத்தார் இதனை நன்கறிவர். மன்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் வீரர்கள் தம் சட்டையைச் செய்து தருமாறு அடிடாஸ் நிறுவனத்தின் வாயிலிலே போய் நின்றார்களா? இல்லை. தன் சட்டையைச் செய்து தரும் உரிமைக்காக அந்த நிறுவனமே அக்கழகத்திற்குப் பத்தாண்டுகளுக்கு 75 கோடி பவுண் கொடுக்க 2014 ஆம் ஆண்டிலே இசைந்தது. 2023 ஆம் ஆண்டிலே அவ்வுடன்படிக்கை குறைந்தது 90 கோடி பவுண் என்ற அளவிலே 2035 வரை நீட்டப்பட்டது. சட்டையைத் தருபவன் பணமும் தருகின்றான். பெறுபவன் நிபந்தனை விதிக்கின்றான். அங்கே அது உடன்படிக்கை. அக்கரப்பத்தனையிலே மட்டும் அது அருட்கொடையா? மன்செஸ்டரின் புகழும் அக்கரப்பத்தனையின் புகழும் ஒன்றென்று நாம் கூறவில்லை. தொகை வேறு, நியாயம் ஒன்று. ஐந்து பந்தும் பத்துச் சோடிச் சப்பாத்தும் கேட்கும் தகுதி கூடவா நம் பிள்ளைகளின் மார்புக்கு இல்லை?

தைப்பவள் யார்?

சட்டையின் கதையை இன்னும் ஒரு படி பின்னே கொண்டுபோவோம். அதனைத் தைத்தவள் யார்?

தேயிலையால் வாழ்ந்த நாடு இது என்று பாடம் படித்தோம். இன்று ஆடை ஏற்றுமதி ஆண்டொன்றிற்கு ஏறக்குறைய 500 கோடி அமெரிக்க டொலரை ஈட்டுகின்றது. தேயிலையின் ஈட்டத்தைப் போல் மூன்று மடங்கினும் மேலானது. 1978 ஆம் ஆண்டிலே கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும், அதன்பின் 1992 இல் ஜனாதிபதி பிரேமதாசா கிராமங்களுக்குக் கொண்டுசென்ற இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் இத்தொழிலைப் பெருக்கின. இன்று மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் இதிலே உழைக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். உலகப் புகழ் பெற்ற விளையாட்டுடை நிறுவனங்களுக்கு இங்கிருந்து உடைகள் போகின்றன. 1987 இலே தொடங்கப்பட்ட எம்.ஏ.எஸ். நிறுவனம், 2019 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலே இலங்கைக் கிரிக்கெட் அணி அணிந்த சட்டையைக் கடற்கரையிலே சேர்த்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து நூல் எடுத்துச் செய்து காட்டியது. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலே அமைத்த தொழிற்சாலைக்கு ‘வானவில்’ என்று அந்நிறுவனம் தமிழ்ப் பெயரும் இட்டது. ஆகவே, கைத்திறன் இந்நாட்டிலே இல்லை என்று எவரும் கூற முடியாது.

வன்னியின் கமக்காரனே! மழை பொய்த்த ஆண்டிலே உன் மகள் தையற்பொறிக்கு முன்னே போய் அமர்ந்தாள். அக்கரப்பத்தனையிலே கொழுந்து பறிப்பவளின் மகளும், கூலி போதாமல் லயத்தை விட்டிறங்கிக் கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் போய் அதே பொறிக்கு முன்னேதான் அமர்ந்தாள். வயலும் மலையும் ஒன்றையொன்று கண்டதில்லை. அவற்றின் மகளிரோ ஒரே தொழிலிலே, ஒரே வகைக் கூலிக்குத் தோளோடு தோள் சேர்ந்துவிட்டனர். இந்தக் கட்டுரை மலையகத்தானுக்கு மட்டும் உரியதன்று என்று நாம் கூறுவது இதனாலேயே.

ஐரோப்பாவின் பெருங்கழகம் ஒன்றின் சட்டை அங்கே 80 பவுணை அண்டிய விலைக்கு விற்கப்படுகின்றது. நம் நாணயத்திலே அது முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 இலே 1000 ரூபாவாகவும், 2024 இலே 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டுக் கூலியிலே கணக்கிட்டால், இருபத்திரண்டு நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறித்தாலும் அச்சட்டை ஒன்றை வாங்க முடியாது. அதுவும் இருபத்திரண்டு நாளும் ஒருவாய்ச் சோறு உண்ணாமல்! மகள் தைக்கும் உடையைத் தாய் வாங்க முடியாது. மகன் அணிய முடியாது. அவன் அணிவதற்கு வருவது, மார்பிலே பிறர் பெயர் எழுதிய தானச் சட்டை.

இக்கொடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பாகிஸ்தானிலே சியால்கோட் என்ற நகரம் உண்டு. உலகத்து உதைபந்துகளைக் கையால் தைத்துக் கொடுத்த நகரம் அது. அங்கே பள்ளி செல்ல வேண்டிய சிறுவர்கள் பந்து தைத்துக்கொண்டிருந்த செய்தி உலகெங்கும் பரவியபின், 1997 ஆம் ஆண்டிலே அட்லாண்டா நகரில், சர்வதேசத் தொழில் அமைப்பும் யுனிசெப்பும் சியால்கோட் வர்த்தக சங்கமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சிறுவரை அத்தொழிலிலிருந்து விலக்கவும், தைக்கும் இடங்களைப் பதிவுசெய்து மேற்பார்வையிடவும் அவ்வுடன்படிக்கை வகை செய்தது. 2014 ஆம் ஆண்டிலும் 2022 ஆம் ஆண்டிலும் உலகக் கிண்ணத்திற்குப் பந்து அனுப்பியது அந்நகரம்தான். ஆனால், பந்தை அனுப்பிய அந்நாடு தன் அணியை உலகக் கிண்ண இறுதிச் சுற்றுக்கு ஒருமுறையேனும் அனுப்பியதில்லை. சட்டை தைக்கும் நம் நாடும் அவ்வாறே. கருவி செய்பவன் கையிலே கருவி இல்லை; இதுவே இன்றைய உலக வணிகத்தின் இலக்கணம்.

வெறுங்காலின் பெருமை

“சப்பாத்து இல்லாவிட்டால் என்ன? வெறுங்காலோடு ஆடியல்லவா நம்மவர் பெயர் வாங்கினார்கள்?” என்று வீரம் பேசுவாரும் உண்டு. உண்மைதான். 1911 ஆம் ஆண்டிலே கல்கத்தாவின் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, சப்பாத்தணிந்த ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை வென்று கேடயம் கொண்டது. அடிமை நாடு தலைநிமிர்ந்த நாள் அது, போற்றுகின்றோம். ஆனால், வறுமையால் நேர்ந்ததை வீரம் என்று பாராட்டி, அவ்வறுமையை அப்படியே காப்பாற்றி வைப்பதற்கு அந்த வெற்றியைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையன்று.

1954 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்திலே பேர்ண் நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். எதிரே, ஆண்டுக்கணக்கிலே தோல்வி காணாத ஹங்கேரி. மழை கொட்டியது, திடல் சேறானது. மேற்கு ஜெர்மனியின் வீரர்கள், சேற்றுக்கேற்ப நீண்ட முளைகளைத் திருகி மாற்றிக்கொள்ளக்கூடிய சப்பாத்துகளை அணிந்து இறங்கினர். 3-2 என்ற கணக்கிலே வென்றனர். அச்சப்பாத்தைச் செய்த அடோல்வ் டாஸ்லர், ஹெர்சோகெனவ்ராக் என்ற சிற்றூரிலே தன் தாயின் சலவையறையில் தொழில் தொடங்கியவர். 1949 இலே அடிடாஸ் நிறுவனத்தைப் பதிவுசெய்தவர். அவருடைய தமையன் தொடங்கியதே பியூமா நிறுவனம்.

இந்தக் கதையிலே நாம் கற்க வேண்டியன இரண்டு. அக்கரப்பத்தனையின் தென்மேற்குப் பருவமழையை அறிந்தவன், சேற்றுக்கேற்ற சப்பாத்து ஆடம்பரமன்று, ஆட்டத்தின் பாதி என்பதை உடனே ஒப்புக்கொள்வான். வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிய ஓர் இளைஞன் மறுநாள் மலையேற முடியாது. அன்றைய கூலி போயிற்று. மாதம் முடிந்தால் வீட்டு அடுப்பும் அணையும். இரண்டாவது, உலகத்தை ஆளும் நிறுவனங்கள் ஒரு சிற்றூரின் பின்கட்டிலிருந்தே புறப்பட்டன. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையிலே சியால்கோட்டை விட்டு ஓடிவந்த கைவினைஞர், இந்தியாவின் ஜலந்தரிலே புதிதாக விளையாட்டுப் பொருட் தொழிலை வேரூன்றச் செய்தார்கள். ஊரை இழந்தவர்களும் தொழிலை உண்டாக்கியிருக்கிறார்கள். சலவையறையிலும் அகதி முகாமிலும் முடிந்தது, லயத்தின் வாசலிலே முடியாதென்று யார் விதித்தது?

திடல் யாருடையது?

இனிச் சட்டத்திற்கு வருவோம். “திடல் தோட்டத்துச் சொத்து” என்று காரியாலயத்தார் கூறினார்கள். தோட்டம் யாருடைய சொத்து? 1975 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தாலே கம்பனிகளின் பெருந்தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992 ஆம் ஆண்டிலே அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அவற்றிற்குக் கிடைத்தது 53 ஆண்டுக் குத்தகை. ஆகவே, கம்பனி நிலத்தின் சொந்தக்காரனன்று, குத்தகைக்காரன். குத்தகைக்காரன் சொந்தக்காரனைப் போலக் கைநீட்டிச் ‘சொத்து’ என்று பேசுவது, வாடகை வீட்டுக்காரன் அயலானிடம் உறுதி கேட்பதைப் போன்றது.

அதே வேளையில், நம் மக்களுக்கும் கசப்பான ஓர் உண்மையைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பாட்டன் காலத்திலிருந்து ஆடிவருகின்றோம் என்பதனால் மட்டும் திடல் நமக்குச் சொந்தமாகிவிடாது. பத்தாண்டு ஆட்சியால் தனியார் காணியிலே உரித்துக் கிடைக்கலாம். அரசின் காணிக்கு எதிராக ஆட்சியுரித்து ஓடாது என்பது 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரித்துக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. ஆகவே, வழக்கு மன்றத்திலே பாட்டனை மட்டும் சாட்சிக்கு நிறுத்தி வெல்ல முடியாது. பொதுத் தேவைக்காக நிலத்தை ஒதுக்கித் தருமாறு சொந்தக்காரனான அரசைக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அரசியல் வலிமையோடு கேட்க வேண்டும். அரச காணியைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்திலே வழி உண்டு.

முன்பு இதற்கு மற்றொரு தடை இருந்தது. தோட்டத்துக்குள்ளே பிரதேச சபை பணம் செலவிட 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு குறுக்கே நின்றது. வாக்களிக்கத் தோட்டத்தான் வேண்டும். செலவிடத் தோட்டம் வேண்டாம்! அப்பிரிவு 2018 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியாப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனைக்கு எனத் தனிப் பிரதேச சபையும் பிறந்தது. சட்டமும் திருந்தியது, சபையும் வந்தது. திடல் மட்டும் ஏன் வரவில்லை? சபையிலே நம் வாக்குப் பெற்று அமர்ந்திருப்போர் விடை கூறட்டும்.

வெள்ளைத் துரைமார் இம்மலைக்கு வந்தபோது முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, தமக்கென விளையாட்டுக் கழகம் அமைத்ததாகும். ராதெல்லவிலே அவர்கள் அமைத்த பச்சைத் திடலிலே வெளிநாட்டுக் கிரிக்கெட் அணிகளும் வந்து ஆடின. மலைச்சரிவிலே சமதரை எத்துணை அரியது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே முதலில் அதனைக் கைப்பற்றினார்கள். விளையாட்டுக்குச் சட்டையல்ல, நிலமே அடிப்படை என்பதைத் துரைமாரிடமிருந்தேனும் நாம் கற்றுக்கொள்ளலாகாதா?

செய்ய வேண்டியவை

வெறுமனே வைது கலைந்து போகும் கூட்டம் நாமல்லோம். செய்யத் தக்கவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, அந்தக் கடிதம் நம் கழகத்தைக் கட்டாது என்பதை எழுத்திலே அறிவிக்க வேண்டும். இந்நாட்டிலே பராயமடையும் வயது 18. அவ்வயது நிரம்பாதவன் பாதுகாவலரின் துணையின்றி இட்ட கையொப்பத்தால் கழகத்தின் உரிமையைத் துறந்துவிட முடியாது. அவ்வறிவித்தலை வரைந்து கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம், கட்டணம் வேண்டியதில்லை. மலையகத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் தொழில் செய்யும் சட்டத்தரணிகள் ஒவ்வொருவரும் இத்தகைய கழகமொன்றையேனும் பொறுப்பேற்க வேண்டுகின்றோம். தமிழிலே எழுதப்படாத எந்த உடன்படிக்கையிலும் எந்தக் கழகமும் இனிக் கையொப்பமிடலாகாது.

இரண்டாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திடல் அமைந்த காணியின் வரைபடத்தையும் குத்தகை விபரத்தையும் பிரதேச செயலகத்திடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு கூற அதிகாரி கடமைப்பட்டவர். ஒரு தோட்டம் கேட்டால் கோப்பிலே உறங்கும். அக்கரப்பத்தனையின் எல்லாத் தோட்டங்களும் ஒரே வாரத்திலே கேட்டால் உறங்க முடியாது. வரைபடம் கையில் வந்ததும், திடலை அளந்து பொதுத் தேவைக்கு ஒதுக்கிப் பிரதேச சபையிடம் ஒப்படைக்குமாறு கோர வேண்டும்.

மூன்றாவது, சீருடை தர வரும் நிறுவனங்களோடு நிமிர்ந்து பேச வேண்டும். வருக! பெயர் எழுதுக! ஆனால் கழகத்தின் பெயருக்குக் கீழே எழுதுக. முதலிலே சப்பாத்தும் பந்தும், அதன்பின் சட்டை. நிழற்படத்திற்கு ஒரு தொகை. அது கழகத்தின் வங்கிக் கணக்கிலே சேர வேண்டும். திடலைப் பற்றி ஒரு சொல்லும் அவ்வுடன்படிக்கையில் இருக்கலாகாது.

நான்காவது, நாம் நெடுநோக்கோடு வைக்கும் கோரிக்கை. நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை வாங்குகின்றன. கழகங்கள் சுற்றுப்போட்டிக்கு வாங்குகின்றன. கோயில் திருவிழாவுக்கும் தொழிற்சங்க மேதினத்திற்கும் கூட இன்று அச்சிட்ட சட்டைதான். இவ்வளவு பணமும் மலையிறங்கிப் போகின்றது. தையற்கலை கற்றுக் கொழும்பிலிருந்து திரும்பிவந்த பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றார்கள். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் அவர்களைக் கொண்டு ஒரு தையற் கூட்டுறவுச் சங்கம் பதிவுசெய்யத் தடை என்ன? பத்துத் தையற்பொறி, ஓர் அச்சுப்பொறி, ஓர் அறை, இவ்வளவே தொடக்கம். துணியைத் திருப்பூரிலிருந்தும் வாங்கலாம். பின்னலாடையிலே உலகெங்கும் பெயர் பெற்ற தமிழ் நகரமன்றோ அது! வடக்கின் கமக்காரர் சங்கங்களுக்குக் கூட்டுறவிலே நீண்ட பழக்கம் உண்டு. அப்பழக்கத்தை மலைக்குக் கடன் கொடுக்க வேண்டுகின்றோம். கொடுக்கும் கடன் வீண்போகாது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் சாதித்துவிடலாம் என்று நாம் மயங்கவில்லை. தவறணைக்கு அடித்த முளைகள் இன்னும் அத்திடலிலேதான் நிற்கின்றன. எஞ்சிய பாதியிலே, குறுக்கே கல்லை வைத்துக் கோலாக்கி, மாலை நேரங்களில் பிள்ளைகள் இன்னும் ஆடுகின்றனர். பந்து கயிற்றுக்கு அப்பால் போனால், முளையை மிதிக்காமல் எட்டி எடுத்து வருகின்றனர். அந்த நிதானம் அவர்களுடைய நற்பண்பு. அதனைக் கோழைத்தனம் என்று எவரும் கணக்குப் போட வேண்டா.

சட்டை கிழிந்துபோகும், அதில் எழுதிய பெயரும் சாயம் போகும். திடல் நிற்கும். எதனைக் கேட்க வேண்டும் என்பதை நம் மக்கள் அறிந்துகொண்டார்கள். எதனைத் தரப் போகின்றார்கள் என்பதை இனி ஆள்வோரும் கம்பனியாரும் கூறட்டும். விடை வரும்வரை, அந்தப் பிள்ளைகளோடு நாமும் அத்திடலிலே நிற்போம்.